எச்.ஐ.வி.: யாரிடம் சொல்வது, மாத்திரையை எப்படி விடாமல் எடுப்பது? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து ஏ.ஆர்.டி. மையங்களில் (எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு மையங்கள்) மாத்திரை வாங்குகிறவர்களோடு பேசிப் பழகியதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பாதிக் கேள்விகள் "யார்கிட்டச் சொல்றது" என்பதைப் பற்றியவை, மீதி மாத்திரையைப் பற்றியவை. தனித்தனியாகத் தெரிந்தாலும் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. மாத்திரையைப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், பக்கவிளைவைச் சொல்பவர்களைவிட "வீட்டுல ஆள் இருந்தாங்க, எடுத்துப் போட முடியலீங்க" என்று சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே யாரிடம் சொல்லலாம் என்பதை மாத்திரையை மனதில் வைத்தே முடிவு செய்யலாம் என்பது என் கட்சி. உங்கள் டாக்டர் சொல்வதற்கு இது மாற்று அல்ல.

நேத்துத்தான் ரிசல்ட் வந்தது. வீட்டில் உடனே சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடம்) கொடுக்கும் சீட்டோடு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்ப் பதிவு செய்வது. முன்பெல்லாம் நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் குறைந்த பிறகுதான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் அந்தக் கணக்கு இல்லை. எச்.ஐ.வி. இருப்பது உறுதியானால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் மாத்திரை உண்டு, அதுவும் இலவசமாக. காசநோய் போன்றவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சில நாட்களிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அழுகையும் ஆத்திரமும் இருக்கிற நாட்களில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. மனது கொஞ்சம் அடங்கட்டும். ஆனால் கணவனோ மனைவியோ துணையோ இருந்தால் அவர்களிடம் சொல்வதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. அவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் அல்லவா? சொல்லும் வரை ஆணுறை கட்டாயம்.

முதலில் யாரிடம் சொல்வது? அம்மாவிடமா, அண்ணனிடமா, கூட்டாளியிடமா?

பாசம் அதிகம் உள்ளவரிடம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாசம் அதிகம் உள்ள அம்மா, தாங்க முடியாமல் தன் அக்காவிடம் சொல்வார். பெரியம்மா தன் மகளிடம் மட்டும் சொல்வார். மாரியம்மன் கோயில் பூச்சாட்டுக்கு ஊரே கூடும்போது உங்களைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாரத்தைத் தனியாகச் சுமக்க முடியாதவர்கள், அவ்வளவுதான்.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. அந்த ஆள் இதற்கு முன் உங்கள் ரகசியம் எதையாவது காப்பாற்றியிருக்கிறாரா? கடன் விஷயமோ காதல் விஷயமோ, ஏதோ ஒன்று. அடுத்தவர் வீட்டு விஷயத்தை உங்களிடம் வந்து சொல்கிறவரா? அப்படியென்றால் உங்கள் விஷயத்தையும் அடுத்தவரிடம் சொல்வார். ராத்திரி ஒன்பது மணிக்கு "போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறாரா? நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் உங்கள் சிகிச்சை விவரம் எழுதியிருக்கும் ஏ.ஆர்.டி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போவாரா? இதற்கெல்லாம் ஆமாம் என்று வருகிற ஒருவர் போதும். அது கொழுந்தியாவாக இருக்கலாம், பக்கத்துத் தறிக்காரராக இருக்கலாம். சில வீடுகளில் பேரனுக்கு அம்மாயிதான் எல்லாம், அப்பா அம்மாவுக்கே பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. சொல்லும்போதே "இது உங்களோடு இருக்கட்டும். வேறு யாருக்குச் சொல்வதானாலும் நான்தான் சொல்வேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்வார்கள் என்று விடாதீர்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது? வார்த்தையே வரமாட்டேன் என்கிறது.

பீடிகை நீளமாக இருந்தால் கேட்பவருக்குப் பயம்தான் ஏறும். குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரமாக, குடிக்காத நாளாக, சண்டை நடக்காத நாளாகப் பாருங்கள். நேராக விஷயத்துக்கு வாருங்கள்: "எனக்கு ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். நீயும் ஒருக்கா பார்த்துக்கோணும். நானும் கூடவே வர்றேன்." நாலு வாக்கியம்தான். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்பதற்கும் "நானும் வர்றேன்" என்பதற்கும் எவ்வளவோ தூரம்.

அவர் முதலில் கேட்கப்போவது "எப்படி வந்தது?" என்பதுதான். பொய்க் கதை கட்ட வேண்டாம். ஊசியில் வந்தது, சவரக் கத்தியில் வந்தது என்று சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். பிறகு அந்தப் பொய்தான் பெரிய சண்டையாகும். சொல்லத் தெம்பில்லை என்றால், "அதையும் சொல்றேன். முதல்ல உனக்குப் பார்த்துரலாம்" என்று சொல்லலாம்.

தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர் முன்னால் சொல்லலாம். இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். அந்த அறையில் கத்தினாலும் அழுதாலும் பக்குவமாகக் கையாளப் பழகியவர்கள். துணைக்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். கிருமி புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

கணவரிடம் சொன்னால் அடிப்பார், வீட்டை விட்டு விரட்டிவிடுவார் என்ற பயம் இருக்கிறது. சொல்லியே ஆக வேண்டுமா?

கர்ப்பப் பரிசோதனையின்போது முதலில் தெரிய வருவது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். கணவன் அதுவரை பரிசோதித்தே இருக்க மாட்டார். ஆனாலும் "உன்னால்தான் வந்தது" என்ற பழி அவள் தலையில் விழும். இந்த அநியாயம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது தொற்றுள்ளவரின் கடமை, உறவுக்கு முன் சொல்வதும் அதில் அடங்கலாம் என்று அது சொல்கிறது. கூடவே, சொன்னால் வன்முறையோ கைவிடப்படுவதோ நேரும் என்ற நியாயமான பயம் ஒரு பெண்ணுக்கு இருந்தால் அந்தக் கடமை பொருந்தாது என்றும் சொல்கிறது.

டாக்டரே நேராகத் துணையிடம் சொல்லிவிடுவாரா என்றும் கேட்கிறார்கள். எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. துணைக்குத் தொற்றும் அபாயம் உண்மையிலேயே இருக்க வேண்டும். உங்களைச் சொல்லச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். "நான் சொல்லப்போகிறேன்" என்று உங்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அப்போதும் நேரில்தான், ஆலோசனையோடுதான் சொல்லலாம். ஒரு பெண்ணுக்கு அடி உதை விழும் அபாயம் இருந்தால் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆகவே அம்மணி, இந்தப் பயத்தை முதல் நாளே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். அவரைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேறு வழி அவர்களுக்குத் தெரியும். கர்ப்பிணியின் கணவர் என்ற முறையில் எல்லாருக்கும் செய்வதுபோலக் கூப்பிட்டுப் பார்ப்பது அதில் ஒன்று.

மாத்திரை ஒழுங்காக எடுத்தால் அடுத்தவருக்குத் தொற்றாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு வைரல் லோடு என்று பெயர். மாத்திரையை விடாமல் எடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்து நடத்திய பார்ட்னர் ஆய்வுகளின் முடிவுகள் 2016இலும் 2019இலும் வந்தன. ஆணுறை இல்லாத உறவு ஆயிரக்கணக்கான முறை நடந்தும், மாத்திரையால் கிருமி அடங்கிய துணையிடமிருந்து தொற்றியதாக ஒன்றுகூட இல்லை.

அரசு மையங்களில் வைரல் லோடு இலவசம். மாத்திரை தொடங்கி ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறை எடுப்பார்கள். ரிசல்ட் வந்ததா என்று நீங்களே கேட்டு, எண்ணைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பலர் ரத்தம் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். சொல்லத் தயங்குகிறவர்களுக்கு அந்த எண் பெரிய தைரியம். "எனக்கு இருக்குது, ஆனா உனக்கு வராது" என்று சொல்ல முடிவது வேறு பேச்சு. மாத்திரையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்கு இது பொருந்தாது. மற்ற பால்வினை நோய்களுக்கும் கருத்தடைக்கும் ஆணுறை இன்னமும் தேவைதான்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது. பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது?

நம்ம பக்கம் கல்யாணம் என்றால் இரண்டு பேர் பேசி முடிப்பதா என்ன? கூட்டம் (குலம்) பார்த்து, சாதகம் பார்த்து, பொண்ணு பார்த்து, உறுதி வார்த்தை வரைக்கும் போவதற்குள் இருபது பேர் உள்ளே வந்துவிடுவார்கள். அந்த இருபது பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கப்போகிறவருக்குச் சொல்லியே ஆக வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தெரிந்து சம்மதிப்பது அவருடைய உரிமை.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், பேச்சு உறுதியாகும் முன்பே அந்தப் பெண்ணையோ பையனையோ தனியாகச் சந்தித்து, முடிந்தால் ஆலோசகர் முன்னிலையில், சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் "சாதகம் பொருந்தவில்லை" என்று இரு வீட்டிலும் முடித்துக்கொள்வது. அந்த ஒரு சாக்குக்காகவாவது சாதகம் நல்ல ஏற்பாடு என்று தோன்றும்! இருவருக்கும் தொற்று இருக்கிற வரன்களை, தொற்றுள்ளவர்களே சேர்ந்து நடத்தும் பாசிட்டிவ் நெட்வொர்க் அமைப்புகள் மூலம் பேசி முடிப்பதும் நடக்கிறது. ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால் உங்கள் மாவட்ட அமைப்பைச் சொல்வார்கள்.

வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள், காரணம் சொல்ல முடியவில்லை என்பவர்கள்தான் பாவம். "இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்" என்று தள்ளுவது நிரந்தர வழி அல்ல. அப்பா அம்மாவில் ஒருவரிடமாவது, அல்லது அவர்கள் பேச்சைக் கேட்கிற மாமன் ஒருவரிடமாவது சொல்லி, அவர் வழியாகப் பேச்சை நிறுத்துவது நல்லது.

என்ன மாத்திரை அது? எப்போது போட வேண்டும்?

இப்போது பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தருவது டி.எல்.டி. என்கிற ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மூன்றும் ஒன்றுக்குள். ஒரு நாளைக்கு ஒன்று. சாப்பிட்ட பிறகும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். எந்த நேரம் என்பது உங்கள் சௌகரியம். ஆனால் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். சிலருக்குத் தூக்கம் கெடும், அவர்கள் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் தலைவலி, குமட்டல் வந்து சில வாரங்களில் அடங்கும். எடை கூடுவதும் உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால் அவ்வப்போது கிரியேட்டினின் பார்ப்பார்கள். அந்த ரத்தப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மாத்திரை டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது? எல்லோரும் கேட்கிறார்கள்.

கேள்வி சின்னது, ஆனால் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரை மாதக் கணக்கில் வருகிறது. நாள் போகப்போக உள்ளே மாத்திரை குறைந்து, எடுக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். கூட்டுக் குடும்பத்தில், பத்துக்குப் பதினாறு அறையில் மாமியார் பக்கத்தில் படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் உலகத்துக்கே கேட்பதுபோல இருக்கும். ஒருவர் அதற்காகவே ராத்திரி மாத்திரையை விட்டுக்கொண்டிருந்தார். டப்பாவுக்குள் கொஞ்சம் சுத்தமான பஞ்சை அடைத்தால் சத்தம் போய்விடும். உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். லேபிளைக் கிழித்துவிடலாம். ஆனால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் புத்தகத்தில் குறித்திருக்க வேண்டும்.

வீட்டில் மாற்றமுடியாத நிலை என்றால் நேரத்தை மாற்றுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையில் ஒரு நாள் மாத்திரையைச் சின்னக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, கம்பெனியில் பத்து மணி டீ வேளையில் போடுகிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். "என்ன மாத்திரை?" என்று யாராவது கேட்டால் பதிலை முன்பே யோசித்து வையுங்கள். ரத்தத்துக்கு, வைட்டமினுக்கு என்று எதையாவது சொல்லலாம். அது பொய்தான். ஆனால் உங்கள் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் கணக்குச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

நான் போர்வெல் ரிக் வண்டியில் போகிறவன். போனால் மூன்று மாதம், நாலு மாதம் ஆகும். எப்படி வாங்குவது?

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக், நாமக்கல், சங்ககிரி லாரி, எல்லோருக்கும் இதே பிரச்சினைதான். நாமக்கல் என்றாலே லாரி, லாரி என்றாலே எய்ட்ஸ் என்று ஒரு காலத்தில் எழுதித் தள்ளினார்கள். அந்தப் பேச்சால்தான் இன்றைக்கும் ஒரு டிரைவர் மையத்து வாசலில் வண்டியை நிறுத்தக் கூசுகிறார்.

உடம்பு நிலையாக இருந்து வைரல் லோடு அடங்கியிருந்தால் மூன்று மாத மாத்திரை மொத்தமாகத் தருகிறார்கள். டூருக்குப் போகும் முன் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மேலே ஆகும் என்றால், நாடு முழுவதும் அரசு ஏ.ஆர்.டி. மையங்கள் இருக்கின்றன. ராய்ப்பூரானாலும் ஜோத்பூரானாலும் புத்தகத்தைக் காட்டிப் பேசலாம். ஊருக்கே மாறிப்போனால் முறையாக டிரான்ஸ்பர் வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. வண்டியில் வைக்கும்போது கேபினில் வெயில் படும் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு இடங்களில் பிரித்து வைத்தால் ஒரு பை தொலைந்தாலும் மருந்து நிற்காது.

பனியன் கம்பெனியில் பீஸ் ரேட். மாத்திரை வாங்க ஒரு நாள் போனால் கூலி போகிறதே?

ஆமாம், போகிறது. ஏற்றுமதி ஆர்டர் முடிக்கிற வாரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. மேலே சொன்ன மூன்று மாத ஏற்பாட்டை இதற்காகவே கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். சின்ன ஊர் அரசு மருத்துவமனைகளில் இணை ஏ.ஆர்.டி. மையங்கள் உண்டு. அங்கே மாற்றிக்கொண்டால் பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நிற்க வேண்டாம். ஆனால் சொந்த ஊரில் தெரிந்தவர் பார்ப்பார்களே என்ற பயத்தில் தாராபுரத்துக்காரர் கோவைக்கும், கோவைக்காரர் ஈரோட்டுக்கும் போவதும் நடக்கிறது. தப்பில்லை, பஸ் சார்ஜையும் நேரத்தையும் வருடக்கணக்கில் தாங்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

நினைவு வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால் அதை விட்டுவிட்டு, அடுத்ததை நேரத்துக்குப் போடுங்கள். இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடலாம்.

கோயில் விரதம், நோன்பி, கிடாவெட்டு நாட்களில்?

கம்பம் நட்டுப் பதினைந்து நாள் விரதம் இருக்கிறவர்களும் தண்ணீரோடு மாத்திரை போடலாம். சாப்பாட்டோடு சம்பந்தம் இல்லாத மாத்திரை என்பதால் விரதம் கெடாது, மருந்தும் கெடாது. ஆடி நோன்பிக்குக் குடித்துவிட்டீர்கள் என்றால், "குடிச்சாச்சு, இன்னைக்கு மாத்திரை வேண்டாம்" என்று விடாதீர்கள். பலர் விடுகிறார்கள். குடி கல்லீரலுக்குக் கேடு என்பது தனிக் கணக்கு, மாத்திரை அன்றைக்கும் உண்டு.

ஆறு மாதமாக மாத்திரையை விட்டுவிட்டேன். திரும்பப் போனால் திட்டுவார்களே?

சிலர் திட்டலாம். அதைக் கேட்டுக்கொண்டாவது போங்கள். உங்களைப் போல விட்டுவிட்டு வருகிறவர் அவர்களுக்குப் புதிது இல்லை, பெயரை அடித்துவிடவும் மாட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் கிருமி மறுபடி பெருகத் தொடங்குகிறது. உங்களுக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள், ஓவர்டைம் பார்க்கிறீர்கள். அதுதான் ஏமாற்றுகிற இடம். உள்ளே சி.டி.4 இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு நாள் காசநோயாகவோ வாய்ப்புண்ணாகவோ வெளியே வரும். விட்டு விட்டு எடுப்பதில் இன்னொரு சிக்கல், கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஹெபடைட்டிஸ் பி கூட இருப்பவர்களுக்குத் திடீரென்று நிறுத்துவது கல்லீரலையே தாக்கும், ஏனென்றால் இதே மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன.

திரும்பப் போகும்போது உண்மையான தேதியைச் சொல்லுங்கள். "தொடர்ந்து எடுத்துட்டுத்தான் இருந்தேன்" என்று சொன்னால், வைரல் லோடு ஏறியிருப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். தேவையே இல்லாமல் அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றும் பேச்சு வரும். இருமல், ராத்திரிக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். மறுபடி தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று மாதத்தில், உள்ளே மறைந்திருந்த காசநோய் திடீரென்று கிளம்புவதுண்டு. "மாத்திரை ஒத்துக்கலை" என்று மறுபடி நிறுத்திவிடாமல் உடனே மையத்துக்குப் போக வேண்டும்.

நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விட்ட நாளில் என்ன நடந்தது? பெரும்பாலும் ஒரு சம்பவம் இருக்கும். மகளுக்குப் பிரசவம், சொந்தக்காரர்கள் ஒரு மாதம் தங்கினார்கள், மாமியார் டப்பாவைப் பார்த்துவிட்டார், புது வீடு குடிபோனார்கள். அந்தச் சிக்கலை அவிழ்க்காமல் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் மறுபடி விடுவார்கள். அங்கேதான் அந்த நம்பிக்கையான ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

நாட்டு மருந்தில் குணமாகும் என்று ஒருவர் சொல்கிறார். முயற்சி செய்யலாமா?

எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து அடியோடு அகற்றும் மருந்து எந்த வைத்திய முறையிலும் விற்பனையில் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறவர் ஏமாற்றுகிறார். மற்றபடி சத்துக்காகச் சித்த மருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சங்கு பற்பத்தில் சுண்ணச்சத்து, அயச் செந்தூரத்தில் இரும்பு. இந்த இரண்டும், அல்சர் டானிக்கில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியமும் டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட வேண்டும். கடையில் வாங்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான்.

சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டிவரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெகிராவிர் தனியாக இன்னொரு வேளை சேர்ப்பார்கள்.

பல் டாக்டரிடமும் ஆபரேஷனுக்குப் போகும்போதும் சொல்ல வேண்டுமா?

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான் வேறு மருந்து மோதாமல் எழுத முடியும். ஆகவே சொல்வது உங்களுக்கு நல்லது. பாதுகாப்பைப் பொறுத்தவரை எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி கிருமிநீக்கம் என்பதுதான் விதி. எச்.ஐ.வி. இருக்கிறது என்று சிகிச்சை மறுப்பதும், கட்டிலில் போர்டு மாட்டுவதும் சட்டப்படி தவறு.

கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வைக்கிறார்கள். தெரிந்துவிடுமா?

வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யவும் கூடாது. முதலாளியிடமோ ஹெச்.ஆரிடமோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கான புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எத்தனை மில்லில் இருக்கிறார் என்று கேட்காதீர்கள்.

பிள்ளைக்கும் தொற்று இருக்கிறது. எப்போது சொல்வது?

பெற்றவர்கள் தள்ளிப்போடுவதிலேயே இதுதான் முதலிடம். "பெரியவனாகட்டும்" என்பார்கள். பன்னிரண்டு வயதுக்குள் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே நாளில் போட்டு உடைப்பது அல்ல அது. ஆறு ஏழு வயதில் பெயர் சொல்லாமல் தொடங்கலாம்: "உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்குது கண்ணு. அது தூங்கிட்டே இருக்கோணும்னா தினமும் இந்த மாத்திரை வேணும்." கொஞ்சம் வளர்ந்ததும் ரத்த வெள்ளை அணுக்கள், அவை செய்யும் வேலை. பத்து வயதுக்கு மேல் பெயரையும் சொல்லிவிடலாம்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? எட்டாவது படிக்கிற பிள்ளை டப்பாவில் இருக்கும் பெயரைப் போனில் தட்டிப் பார்த்துவிடும். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாது. மாத்திரையை ஜன்னல் வழியே எறியும். அப்படி வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களிடமிருந்து, உங்கள் வாயால் கேட்ட பிள்ளை அழும், கோபப்படும், "ஏம்மா எனக்கு?" என்று கேட்கும். கேட்கட்டும். "என்கிட்ட இருந்துதான் சாமி வந்துச்சு, எனக்கு அப்பத் தெரியாது" என்று சொல்ல முடிந்த தாய்மார்களின் பிள்ளைகள் மாத்திரையோடு சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

பள்ளியில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு அந்தப் பாடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: இது கெட்ட விஷயம் என்பதற்காக மறைக்கவில்லை, நம்ம வீட்டு விஷயம், யாரிடம் சொல்வது என்று நீயும் நானும் சேர்ந்து முடிவு செய்யலாம். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009இல் தொடங்கிய அறக்கட்டளையின் உதவித்தொகை பற்றியும் மையத்தில் கேளுங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையாக மருந்து எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். கருத்தரிக்கும் முன்பே வைரல் லோடு அடங்கியிருந்தால் இன்னும் நல்லது. பிறந்த குழந்தைக்குச் சில வாரம் சொட்டு மருந்து, ஆறாவது வாரம், ஆறாவது மாதம், பன்னிரண்டு, பதினெட்டாவது மாதங்களில் பரிசோதனை. வீட்டில் தெரியாமல் இதையெல்லாம் செய்வது சிரமம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் முன் அங்கே ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

ஊருக்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெளியே தெரிந்த வாரத்தில்தான் பலர் விடுகிறார்கள். பிறகு, சொன்னவர் யார் என்று பாருங்கள். சொந்தக்காரர் உளறியிருந்தால் பஞ்சாயத்து வைத்து விஷயத்தை இன்னும் பெரிதாக்குவதைவிட, அவரை நேரில் பார்த்து "இனிமேல் பேசாதீங்க" என்று சொல்வதோடு நிறுத்துவதே பல சமயம் நல்லது என்பது என் அனுபவம். ஆஸ்பத்திரி ஊழியரோ, நிர்வாகமோ, நம்பிச் சொன்ன விஷயத்தை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிட்டிருந்தால் அது சட்ட மீறல். வீட்டைக் காலி செய்யச் சொல்வது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பது, வேலையை விட்டு நீக்குவது எல்லாமே அப்படித்தான். இந்தச் சட்டத்தில் புகார் விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் என்ற ஏற்பாடு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். வழக்கு என்று போனால் உங்கள் பெயரை மறைத்து நடத்தும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போவதானால் மனுவை மூடிய கவரில் கொடுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் எட்டிப் படிப்பார்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 1097க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தேதிக்கு மாத்திரை வாங்கப் போகாவிட்டால் வீட்டுக்கே ஆள் வருவார்களாமே?

முதலில் போன் செய்வார்கள். எடுக்கவில்லை என்றால் களப்பணியாளர் தேடி வருவதுண்டு. அவர் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி வாசலில் கத்த மாட்டார், ஆனாலும் தெருவில் யார் வந்தாலும் "யாரு, எந்த ஊரு?" என்று விசாரிக்கிற ஊர் நம்முடையது. பதிவு செய்யும்போதே "வீட்டுக்கு வர வேண்டாம், இந்த எண்ணில் மாலை ஆறுக்கு மேல் கூப்பிடுங்கள்" என்று எழுதி வைக்கலாம். தெரிந்த ஒருவர் இருந்தால் அவர் எண்ணையும் கொடுக்கலாம். சிம் மாற்றினால் புது எண்ணை அன்றைக்கே மையத்தில் சொல்லிவிடுங்கள். பழைய எண் இப்போது வேறு யார் கையிலோ இருக்கும், அவரிடம்தான் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.